எல்டிஎல் கூடினால் மெக்னீசியம் மாத்திரையா, கேழ்வரகா, ஸ்டேட்டினா? செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு கணக்கு

மொத்தக் கொழுப்பு 236, கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 158, டிரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் 36. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு ரத்தப் பரிசோதனைத் தாள் இப்படி வந்தால், ஒரு வாரத்துக்குள் வீட்டில் நான்கு யோசனை வந்துவிடும். மெக்னீசியம் மாத்திரை போடுங்கள், அது சத்து மாத்திரைதானே, பக்கவிளைவு இல்லை என்பார் ஒருவர். கேழ்வரகும் கவுனரிசியும் சாப்பிட்டாலே இறங்கிவிடும் என்பார் அப்பத்தா. நெய்யையும் தேங்காயையும் நிறுத்தச் சொல்வார் மகள். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டேட்டின், அதாவது கொழுப்பைக் குறைக்கும் மருந்து, அதன் சீட்டு மேசை மேல் கிடக்கும்.

நான்கிலும் ஏதோ ஒரு உண்மை இருக்கிறது. ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எது எந்த எண்ணை எவ்வளவு நகர்த்தும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எல்டிஎல்லைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மெக்னீசியம் மாத்திரைக்குக் கடைசி இடம். அதற்கு வேறு உபயோகம் உண்டு. நேரம் தவறிப் போட்டால் எல்டிஎல் ஏறவும் அது காரணமாகலாம். இந்தக் கடைசி விஷயத்தை மாத்திரை வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தாளைப் படியுங்கள்

"கொலஸ்ட்ரால் இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2014-ல் வெளிவந்தது. அதில் ஹெச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72 சதவீதத்துக்கும் மேல். டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் சுமார் 30 சதவீதம். எல்டிஎல் கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம் மட்டுமே. அரிசியும் சர்க்கரையும் அதிகம், நடை குறைவு என்ற நம் வாழ்க்கை அப்படியே அந்த எண்களில் தெரிகிறது. ஆகவே உங்கள் தாளில் எந்த எண் கெட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே மருந்தோ சாப்பாடோ முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எல்டிஎல். மேலே சொன்ன தாளில் 236-லிருந்து 36 போக 200, அதிலிருந்து 42 போக 158. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு எகிறும், கூடவே கணக்கும் பிசகும்.

டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் தானாகவே ஏறும். அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் ஆட்கள் உண்டு, முக்கியமாகப் பெண்கள்.

மெக்னீசியம் மாத்திரை

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஈரலில் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையில் ஹெச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற என்சைம் இருக்கிறது. ஸ்டேட்டின் அடைப்பது அதைத்தான். அந்த என்சைமை உடல் தானே அணைத்துவைக்கும் வேலைக்கு மெக்னீசியம் தேவைப்படுகிறது. ரத்தத்தில் டிரைகிளிசரைடை உடைக்கும் என்சைமுக்கும் அதனோடு தொடர்பு உண்டு என்கிறார்கள். இதை வைத்து "மெக்னீசியம் ஒரு இயற்கை ஸ்டேட்டின்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். உடலில் மெக்னீசியம் குறைந்தால் அந்த வேலை கெடலாம் என்பது சரி. ஆனால் போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் வேலை இரண்டு மடங்கு நடக்கும் என்பது அதிலிருந்து வராது. ஊறுகாய்க்கு உப்பு வேண்டும் என்பதால் இரண்டு பங்கு போட்டால் இரண்டு பங்கு ருசி வந்துவிடுமா?

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 9 ஆய்வுகளை, மொத்தம் 370 பேர், 2006-ல் சேர்த்து அலசினார்கள். நாளுக்குச் சுமார் 360 மி.கி. மெக்னீசியம், 4 முதல் 16 வாரம். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 10 புள்ளி இறங்கியது, ஹெச்டிஎல் 3 புள்ளி ஏறியது; எல்டிஎல்லிலும் டிரைகிளிசரைடிலும் சொல்லும்படி மாற்றம் இல்லை. 2017-ல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கொழுப்பு எண்கள் எதிலும் தெளிவான பலன் தெரியவில்லை. ரத்த அழுத்தத்தில் மட்டும் சின்னப் பலன் உண்டு: 34 ஆய்வுகள், இரண்டாயிரம் பேருக்கு மேல், மேல் எண் 2 புள்ளி, கீழ் எண்ணும் ஏறக்குறைய அவ்வளவே இறங்கியது.

ஆக, எல்டிஎல் 158-ல் இருப்பவர் மூன்று மாதம் மாத்திரை போட்டுவிட்டு 158-க்குப் பக்கத்திலேயே நிற்பார். கை விட்டுப் போவது அந்த மூன்று மாதம்.

அப்படியானால் யாருக்குத்தான் இந்த மாத்திரை? உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்தவர்களுக்கு. நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கட்டுப்பாடில்லாத சர்க்கரையால் அடிக்கடி சிறுநீர் போகிறவர்கள், தினமும் மது குடிக்கிறவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள். ரத்தத்தில் அளவு பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மி.கி. வரை இருக்க வேண்டும். ஆனால் உடலிலுள்ள மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. அதனால் ரத்த அளவு சரியாக வந்தாலும், இந்தப் பட்டியலில் உள்ளவர்கள் டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

வாங்குவதானால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் "மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அது முழு உப்பின் எடை. கிளைசினேட்டில் மெக்னீசியம் 14 சதவீதம்தான், ஆகவே உள்ளே போவது 140 மி.கி. சிட்ரேட்டில் 16 சதவீதம், 1000-க்கு 160. ஆக்சைடில் 60 சதவீதம், 400 மி.கி. மாத்திரையிலேயே 240. எண்ணைப் பார்த்தால் ஆக்சைடு லாபம் போலத் தோன்றும். குடல் உறிஞ்சுவதோ கொஞ்சம்தான், மீதி பேதியாகப் போய்விடும். சிட்ரேட்டும் மலத்தை இளக்கும், மலச்சிக்கல் உள்ளவருக்கு அது வசதி. வயிறு தாங்காதவர்கள் கிளைசினேட் எடுப்பார்கள். "எலிமென்டல்" என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்க வரம்பு நாளுக்கு 350 மி.கி., ஐரோப்பிய வரம்பு 250. சாப்பாட்டிலிருந்து வருவது இதில் சேராது. எப்சம் உப்பைக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது பேதி மருந்து.

சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. கழிய வேண்டியது கழியாமல் ரத்தத்தில் தேங்கும். உடல் தளரும், அழுத்தம் இறங்கும், நாடி மந்தமாகும். "சத்து மாத்திரைதானே" என்ற சொல் இந்த இடத்தில் ஆபத்தானது.

நேரம் தவறினால்

காலையில் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவது பல வீடுகளில் வழக்கம். அதில் தைராய்டு மாத்திரையும் மெக்னீசியமும் சேர்ந்திருந்தால், மெக்னீசியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து முழுதாக ஏறாது, டிஎஸ்ஹெச் கூடும், அதன் பின்னால் எல்டிஎல்லும் கூடும். கொழுப்புக்காகப் போட்ட மாத்திரை கொழுப்பை ஏற்றிவிடும் வழி இது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும்: தைராய்டு மாத்திரை விடியற்காலை வெறும் வயிற்றில், மெக்னீசியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

இரண்டாவது வழி ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டின் மாத்திரை. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அமிலமுறிவு மருந்தை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அந்த ரோஸ் நிறச் சிரப் வகையை, இதோடு சேர்த்துக் குடித்தால் ரத்தத்தில் ஸ்டேட்டின் அளவு பாதியாகிவிடுகிறது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சிரப் குடித்தால் பிரச்சினை இல்லை. விருந்து சாப்பிட்டு வந்து இரவில் ஸ்டேட்டினும் சிரப்பும் ஒன்றாக எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் மெக்னீசியத்தோடு சேரக்கூடாது. அவற்றைச் சாப்பிடும் நாட்களில் மெக்னீசியத்தை நிறுத்திவைப்பதே எளிது.

மெக்னீசியம் உள்ள சாப்பாடு

இங்கே அப்பத்தா பக்கம் நியாயம் அதிகம், ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. கேழ்வரகு, பயறு, எள், கீரையில் மெக்னீசியம் இருக்கிறது. கூடவே நார்ச்சத்தும் வருகிறது, வெள்ளை அரிசியின் இடத்தையும் அவை பிடித்துக்கொள்கின்றன. டிரைகிளிசரைடு இறங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த இடமாற்றம்தான்.

அமெரிக்கக் கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு நாளுக்குத் தேவை, பெண்ணுக்கு 320, ஆணுக்கு 420 மி.கி. அளவில். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 25-க்கு மேல் தேறாது. காலையில் 60 கிராம் மாவில் கேழ்வரகு அடையோ கூழோ என்றால் ஏறக்குறைய 85. மதியம் பருப்பில் 35, ஒரு கிண்ணம் கீரையில் 60. மாலை இடைப்பலகாரத்துக்கு 40 கிராம் பாசிப்பயறை முளைகட்டிச் சுண்டல் செய்தால் 75. தோல் நீக்கிய பூசணி விதை ஒரு சிறு கைப்பிடி, 15 கிராம், 80. எள்ளுப்பொடி ஒரு மேசைக்கரண்டி, 30. கூட்டினால் 365. மாத்திரை இல்லாமலே பெண்ணின் தேவையைத் தாண்டும் எண் இது; ஆணுக்கு இன்னும் 55 வேண்டும். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் மெக்னீசியத்தைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட்டைக் குறைக்கும், குடல் அதிகம் உறிஞ்சும்.

ஆனால் அதே பொருளை நாம் எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் கணக்கு கவிழ்கிறது. கும்மாயத்தைப் பாருங்கள். உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி வறுத்து அரைத்த மாவு ஒரு கப், கருப்பட்டி, நெய். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 45 மி.கி. மெக்னீசியம் வரும். கிண்டும்போது அடி பிடிக்காமல் சுருண்டு வர 100 மில்லி நெய் ஊற்றினால், ஆளுக்கு 14 கிராம் நிறைகொழுப்பும், எல்டிஎல்லை ஏற்றும் வகைக் கொழுப்பு அது, சேர்ந்து வரும். எல்டிஎல் கூடிய ஒருவர் ஒரு நாள் முழுக்க எடுக்கலாம் என்கிற அளவே 15 கிராம் பக்கம்தான். ஆடி வெள்ளிக்கு ஒரு உருண்டை சாப்பிடுவதில் தவறில்லை. உளுந்து உடம்புக்கு நல்லது என்று வாரம் இரண்டு முறை கிண்டினால், எல்டிஎல் கணக்கில் வரவைவிடச் செலவு பெரிது.

கவுனரிசியும் அப்படித்தான். தீட்டாத அரிசி, தவிட்டோடு மெக்னீசியமும் நாரும் இருக்கின்றன. நாம் அதைச் சீனி, நெய், தேங்காய்ப்பூ போட்டு இனிப்பாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டோம். இரவே கழுவி, 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீரில் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடே குக்கரில் 7 விசில் விட்டுக் கஞ்சியாக்கி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டால் அது வேறு உணவு. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் கருஞ்சிவப்புச் சாயம் நிறையவே அதோடு போய்விடும். இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும்: இணையத்தில் கொலஸ்ட்ராலுக்கென்று விற்கும் "சிவப்பு ஈஸ்ட் அரிசி" நம் சிவப்பரிசியோ கவுனியோ அல்ல. அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்த்துச் செய்வது. அதிலுள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான், அளவு மட்டும் தெரியாது. ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்து எடுத்தால் மருந்து இரட்டிப்பாகும்.

தண்ணீரும் சின்னப் பங்கு வகிக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 30 மி.கி. வரை மெக்னீசியம் இருக்கலாம் என்பது இந்தியத் தரம், வேறு நீர் இல்லையென்றால் 100 வரை. கடினமான போர் தண்ணீரில் அந்த அளவு இருந்தால் இரண்டு லிட்டரில் 60 மி.கி. கிடைக்கும்; ஆர்ஓ போட்டால் அநேகமாக எல்லாமே போய்விடும். அதற்காக ஆர்ஓவைக் கழற்ற வேண்டியதில்லை, ஒரு பிடி எள் அதை ஈடுகட்டிவிடும்.

எண்ணெய், தேங்காய், நார்

எல்டிஎல்லைச் சமையலறையிலிருந்தே நேராகக் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் இது. நிறைகொழுப்பு தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல், நெய்யில் 60, பாமாயிலில் 50. கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15-க்குள். மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக 10 புள்ளி கூட்டுகிறது. ஒரு மூடித் தேங்காயை அரைத்து நான்கு பேர் குழம்பில் ஊற்றினால் ஆளுக்கு 11 கிராம் நிறைகொழுப்பு. கெட்டிப்பால் எடுத்தால் கொழுப்பு பெரும்பாலும் முதல் பாலில்தான் வரும். குருமாவுக்குப் பாதித் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையும் கொஞ்சம் கசகசாவும் வைத்து அரைத்தால் கெட்டித்தன்மை குறையாது. தேங்காயே வேண்டாத குழம்பும் நம்மிடம் இருக்கிறது: அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டி. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்ற அளவுக்குள் நின்றால் வெள்ளைப் பணியாரமும் தேன்குழலும் தானாக விசேஷ நாளுக்குப் போய்விடும்.

இதோடு இசப்கோல் உமி 10 கிராம், பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். வைத்தால் கூழாகித் தொண்டையில் நிற்கும். எல்டிஎல் ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. ஓட்ஸ் என்றால் 60 முதல் 75 கிராம் சாப்பிட வேண்டும், பலனும் அதே அளவு. எண்ணெய் மாற்றமும் நாரும் சேர்த்தால் 158 என்பது 135 பக்கம் வரலாம். இந்த வேலையை மெக்னீசியம் மாத்திரையால் செய்ய முடியாது.

ஸ்டேட்டின்

அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்டிஎல்லை 35 முதல் 40 சதவீதம் இறக்கும், ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. 45 சதவீதம். 158 என்பது 100 பக்கமோ அதற்குக் கீழேயோ வந்துவிடும். அளவை இரட்டித்தால் கூடுதலாக 6 சதவீதம்தான் கிடைக்கும், அதனால் சின்ன அளவிலேயே பெரும் பங்கு வந்துவிடுகிறது. எல்டிஎல் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. இந்த அளவுக்குச் சான்று நான்கில் வேறெதற்கும் இல்லை.

தசைவலி சிலருக்கு வரும், சர்க்கரை லேசாக ஏறலாம். வலி வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி சிகே (தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), டிஎஸ்ஹெச் பார்த்து, மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். அந்த வலிக்கு மெக்னீசியம் போட்டுச் சமாளிப்பது சரியான வழி அல்ல.

யாருக்கு எது

எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர், ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்ட்டோ உள்ளவர், நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி: இவர்களுக்கு ஸ்டேட்டின்தான், சாப்பாடு அதற்குத் துணை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பமானால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், முடிவு மாறும். இவை எதுவும் இல்லாமல் எல்டிஎல் 130 முதல் 160 வரை நிற்பவர், டாக்டர் ஒத்துக்கொண்டால், மூன்று மாதம் எண்ணெய், தேங்காய், நார் மூன்றையும் மாற்றிப் பார்க்கலாம். டிரைகிளிசரைடு மட்டும் கூடியவருக்கு நெய்யைவிட முக்கியம் சீனி, மது, இரவுச் சோற்றின் அளவு. வாரம் 150 நிமிட நடை. டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு, காத்திருக்கக் கூடாது. பான்டோபிரசோல் வகை மாத்திரையிலோ நீர் பிரியும் மாத்திரையிலோ வருடக்கணக்கில் இருப்பவர் மெக்னீசியம் அளந்து, குறைந்திருந்தால் எடுக்கலாம்; அது குறையை நிரப்பத்தான், எல்டிஎல்லுக்கு அல்ல.

எதைத் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் தொடங்கி, தேதியைத் தாளில் எழுதிவையுங்கள். ஸ்டேட்டின் என்றால் 6 முதல் 8 வாரம், சாப்பாட்டு மாற்றம் என்றால் 12 வாரம் கழித்து, அதே லேபில், 12 மணி நேரம் வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுங்கள். தீபாவளியோ கல்யாணமோ குறுக்கே வந்தால், பலகார டப்பா காலியாகி இரண்டு வாரம் போகட்டும், பிறகு கொடுக்கலாம்.